யானை இடித்த வீடு

கூவிளநாட்டு ராஜா வீரகேசரிக்குத் தன் பட்டத்து யானை மலைவிழுங்கிமேல் கொள்ளைப் பிரியம். ஒருநாள் அதைக் குளிப்பாட்டக் கூட்டிப்போன பாகன், வழியில் கள்ளுக்கடைக்குள் புகுந்துவிட்டான். தெருவில் தனியாக நின்ற யானைக்கு எங்கிருந்தோ எள்ளுப் பிண்ணாக்கு வாசனை வந்தது. செக்காட்டும் மாராயி வீட்டு வாசலில் தலையை நுழைத்தது. தலை போய்விட்டது. உடம்பும் போகப் பார்த்தது. சுவரும் கூரையும் சரிந்து, செக்கு பிளந்து, உள்ளே படுத்திருந்த அவள் புருஷனின் கால் முறிந்தது.

மாராயி நேரே சபைக்கு வந்தாள்.

"மகாராசா, உங்க யானை எங்க வீட்ட இடிச்சுப்போட்டுது. எம் புருசன் காலொடிஞ்சு கெடக்காரு. நாயம் சொல்லுங்க."

ராஜா மந்திரி அனந்தகோபரைப் பார்த்தார். ராஜா மனசில் இருப்பதைத் தன் வாயால் சொல்வதுதான் அனந்தகோபரின் உத்தியோகம்.

"ஏனம்மா, மன்னரா வந்து உன் சுவரை முட்டினார்? முட்டியது யானை. அதை விட்டுவிட்டுப் போனவன் பாகன். அவனிடம் போய்க் கேள்."

"அவங்கிட்ட கோவணத்தத் தவிர என்ன சாமி இருக்கு? அதக் கேக்கச் சொல்றீங்களா?"

சபை சிரித்துவிட்டது. ராஜாவுக்கு முகம் கறுத்தது.

"செய்தவன் எவனோ, அவனே அதற்குப் பொறுப்பு! எசமானுக்கு அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதுதான் இனிமேல் சட்டம். நல்லாண்டா, இது எங்கும் நடக்கிறதா என்று நீ பார்த்துக்கொள்."

நல்லாண்டான் அரண்மனை விகடகவி. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மாராயி வெளியே போவதைப் பார்த்ததும் அவளுக்காகப் பேச எழுந்தான். ஆனால் கோபமாக இருக்கும் ராஜாவிடம் வாதாடினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும்.

"உத்தரவு, மன்னா. ஒரு இடம் விடாமல் நடத்திவிடுகிறேன்."

மறுநாள் பக்கத்து நாட்டுத் தூதர் வந்திருந்தார். தங்கள் இளவரசியை வீரகேசரிக்குக் கொடுக்கலாமா என்று பார்த்துப்போக வந்தவர். ராஜா மீசையை முறுக்கிக்கொண்டு கொலுமண்டபத்துக்குள் நுழைந்தார். கட்டியக்காரன் தொண்டையைச் செருமினான்.

"மலைவிழுங்கி யானை பகைவர் கோட்டைக் கதவை உடைத்தபோது, பின்னால் கூடாரத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த வீரகேசரி, பராக்! ஊர் ஜனங்கள் வெட்டிய ஏரிக்குத் தம் பெயரை வைத்துக்கொண்ட வீரகேசரி, பராக்! வேடர்கள் கொன்ற புலியின்மேல் ஏறி நின்ற..."

"நிறுத்தடா!" ராஜாவின் குரலில் தூண்கள் அதிர்ந்தன. தூதர் அங்கவஸ்திரத்தை வாயில் திணித்துக்கொண்டார். "யார் உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது?"

"அடியேன்தான்," என்று நல்லாண்டான் முன்னே வந்தான். "நேற்றுப் போட்ட சட்டம், மன்னா. செய்தவனுக்கே எல்லாம். கோட்டையை யானை உடைத்தால் தங்கள் வீரம், வீட்டை யானை உடைத்தால் யானையின் குற்றம் என்று எப்படிச் சொல்வது? பழைய பட்டங்கள்தான் வேண்டுமென்றால் சொல்லுங்கள், திருப்பித் தந்துவிடுகிறேன். கூடவே மாராயியின் இடிந்த வீடும் வரும்."

ராஜா தூதரைப் பார்த்தார். மந்திரியைப் பார்த்தார். மந்திரி விதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி," என்றார் ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு. "யானை என்னுடையது. பாகன் என் ஆள். அவர்கள் செய்தது என்னைச் சேரும். மாராயிக்கு வீடு கட்டிக் கொடுங்கள், புதுச் செக்கு போடுங்கள். அரண்மனை வைத்தியர் போய்க் காலைப் பார்க்கட்டும். அவள் புருஷன் எழுந்து நடக்கும்வரை அந்தக் குடும்பத்துக்கு இங்கிருந்து சாப்பாடு போகட்டும். அனந்தகோபரே, மண் குழைக்கும் இடத்தில் நீங்களே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்."

பிறகு நல்லாண்டான் பக்கம் திரும்பினார்.

"அது முடிந்தது. வேற்று நாட்டான் எதிரில் என்னைக் கேலி செய்தாயே, அந்தக் குற்றத்துக்கு யார் தலையை எடுப்பது?"

நல்லாண்டான் கழுத்தைத் தடவிக்கொண்டான்.

"நானும் தங்கள் சம்பளம் வாங்குகிற ஆள்தானே, மன்னா? என் ஆள் செய்தது என்னைச் சேரும் என்று இப்போதுதான் சொன்னீர்கள். தங்களுக்கு என்ன தண்டனை என்று தாங்களே பார்த்துச் சொல்லுங்கள்."