கறிச்சோற்றின் மேல் கரித்துண்டு

பேயும் குருவியும் மனிதரோடு வாய் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கரிசல் காட்டில் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டால் பாதையெல்லாம் பேய்க்குத்தான் சொந்தம். வெறுஞ்சோறு கொண்டு போகிறவர்களை அது ஏறிட்டும் பார்க்காது. கறி வாசனை பட்டால் மட்டும் விடாது. அது கை வைத்த சோற்றைத் தின்றவர் உடம்பு நாளுக்கு நாள் வற்றிப்போகும்.

சீனித்தாய்க்கு இது தெரியாமல் இல்லை. அவள் தங்கை இருளாயி போன பிரசவத்தில் அப்படியொரு சோற்றைத் தின்றுதான் பால் வற்றி, பிள்ளையைப் பறிகொடுத்தாள். இப்போது மறுபடி ஒரு பிள்ளை பிறந்திருக்கிறது. பால் சுரக்கவில்லை என்று காலையில் ஆள் வந்து சொன்னது. சேவலைப் பிடித்து, பூண்டும் மிளகும் அரைத்துப் போட்டுக் குழம்பு கொதிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. பொழுது சாயட்டும் என்று இருக்கலாம். அதுவரை பிள்ளை இருக்குமா?

சீனித்தாய் சட்டியில் கறியை அடியில் வைத்து, மேலே சோற்றைப் போட்டுத் துணியால் கட்டினாள். கண்ணேறு படாமல் பிள்ளையின் கன்னத்தில் பொட்டு வைக்க அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். சட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடையைக் கட்டினாள்.

பாதி வழியில் உடைமரத்துக் கரிச்சான்குருவி பதறிப்போய்க் கத்தியது. "தாயி, பின்னால திரும்பாத! அது வருது. கேட்டா பொய் மட்டும் சொல்லிராத. பொய் சொன்னவுகள அது விட்டதில்ல."

சீனித்தாய் திரும்பாமல் நடையை எட்டிப் போட்டாள். உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்து கெஞ்சுவோம் என்று நினைத்துக்கொண்டாள். வேறு என்ன செய்வாள், பாவம்.

"ஏ புள்ள, சட்டியில என்ன?" குரல் பிடரியில் சூடாகப் பட்டது.

கறி என்றுதான் சொல்ல வந்தாள். பயத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அழுத்திச் சொல்ல வேண்டிய எழுத்து வழுக்கிவிட்டது.

"கரி."

பேய் கெக்கலி கொட்டிச் சிரித்தது. "கரியா? மணம் மூக்கைத் துளைக்குது, இவ கரிங்கிறா! எறக்கு. தொறந்து காட்டு. கரி இருந்தா அந்தச் சோத்தை நான் என்னைக்கும் தொடல, சத்தியம். இல்லேன்னா சோறும் எனக்கு, நீயும் எனக்கு."

பேய்க்கு ஒரு குணம் உண்டு. நம்மைப் போல இல்லை, சொன்னால் சொன்னதுதான். சீனித்தாய் தன் நாக்கை நொந்துகொண்டே குத்தவைத்துச் சட்டியை இறக்கினாள். துணியை அவிழ்க்கிற சாக்கில் முந்தானையைச் சட்டிமேல் போர்த்தினாள்.

"எதுக்கு மறைக்கிற?"

"பச்சை உடம்புக்காரிக்குப் போற சாமான். தூசி விழுந்துரும்லா."

சட்டித் துணி அவிழ்ந்துவிட்டது. கரி முடிந்த முந்தானை முடிச்சுதான் இறுகிக் கிடந்தது. குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள். பேயின் நிழலில்லாத கால்கள் ஓரடி நெருங்கி வந்தன. முடிச்சு அவிழ்ந்து, கரித்துண்டு சோற்றின்மேல் பொத்தென்று விழுந்தது. முந்தானையை விலக்கினாள்.

வெள்ளைச் சோற்றின் உச்சியில் கன்னங்கரேலென்று கரி.

பேய் முறைத்துப் பார்த்தது. "அதுக்கு அடியில என்ன?"

"அடியில என்னன்னு நீ அப்பக் கேக்கலியே. கரி இருந்தா தொடமாட்டேன்னுதான சத்தியம் பண்ணுன?"

பேய் போட்ட ஓலத்தில் உடைமரம் இலையைக் கொட்டியது. ஆனால் சட்டியின் பக்கம் அதன் கை நீளவில்லை.

சீனித்தாய் ஓட்டமும் நடையுமாகத் தங்கை வீடு போய்ச் சேர்ந்தாள். இருளாயி வயிறு நிறையத் தின்றாள். வெயில் தாழ்வதற்குள் பால் சுரந்தது. பிள்ளை மார்பை விடாமல் குடிக்கிறதைப் பார்த்ததும், அதுவரை அழாத சீனித்தாய் வாய்விட்டு அழுதாள். பிறகு சோற்றிலிருந்து எடுத்து வைத்த கரித்துண்டைக் கல்லில் உரசி, பிள்ளையின் கன்னத்தில் பொட்டு வைத்தாள்.

அன்று பிடித்துத்தான், கறிச்சோறு கட்டிக்கொண்டு வெளியே போகிறவர்கள் அதன் தலைமேல் ஒரு கரித்துண்டை வைத்துக்கொண்டு போகிறார்கள். பேயும் இன்றுவரை சத்தியம் தவறாமல் வெறுங்கையோடுதான் பின்னால் வருகிறது.