ஆடு தின்னுட்டுப் போன கதை

ஒரு ஊர்ல ஒரு கத்துற கிளாஸ் இருந்துச்சாம். ம் கொட்டுறியா? நீ நிறுத்துனா நானும் நிறுத்திடுவேன், ஆமா.

அஞ்சாங் கிளாஸ் அது. ஜெசிந்தா டீச்சர் இங்கிலீஷ்ல ஒரு வரி சொன்னா, பிள்ளைங்க மொத்தமும் "ஓ"ன்னு அதையே திருப்பிச் சொல்லும். "ஷட் த டோர்"னு டீச்சர் சொன்னா, "ஷட் த டோர்"னு எல்லாரும் கத்துவாங்களே தவிர, கதவைச் சாத்த ஒருத்தரும் எந்திரிக்க மாட்டாங்க!

அந்தக் கூட்டத்துல செவ்வந்தின்னு ஒருத்தி. கூட்டத்தோட கத்துனா குரல் கணீர்னு இருக்கும். தனியா எந்திரிச்சா வெறும் காத்துதான் வரும். ஆனா வாய்க்கொழுப்பைப் பாரு, ஒண்ணாங் கிளாஸ் படிக்கிற தம்பி பரணிகிட்ட, "சனிக்கிழமை உங்க கிளாசுக்கு வந்து இங்கிலீஷ்ல கதை சொல்லப்போறது நான்தான்டா"ன்னு அளந்துவிட்டுட்டா. அவனும் தெருவெல்லாம் சொல்லிட்டான். அஞ்சாங் கிளாஸ்லேருந்து யாரை அனுப்புறதுன்னு டீச்சரோ இன்னும் ஆளையே தேர்ந்தெடுக்கல!

அப்புறம், பரீட்சைக்கு முன்னாடி படிச்சதையெல்லாம் திருப்பிப் பாக்குற நாள் வந்துச்சு. "இன்னைக்கு யாரு தனியா நல்லா சொல்றீங்களோ, அவங்கதான் சனிக்கிழமை கதை சொல்லணும்"னாங்க டீச்சர்.

மொதல்ல வாசிப்பு. செவ்வந்தி எந்திரிச்சா. ஒரு வார்த்தை "கீச்"சுன்னு வந்துச்சு. பழக்கதோஷத்துல கிளாசே சேர்ந்து கத்த, அவ குரல் அதுக்குள்ள ஒளிஞ்சுக்கிச்சு. ம்?

அப்புறம், வாசிச்ச பாடத்துல முக்கியமான விஷயம் என்னன்னு சொந்தமா சொல்லணும். இவ மொத வரியிலேருந்து கடகடன்னு ஒப்பிச்சா. எல்லாரும் கூடவே ஒப்பிச்சாங்க. போச்சு, தம்பி மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு அவளுக்கு அழுகையா வந்துச்சு.

மூணாவது, சொந்தமா ஒரு கதை எழுதணும். யாரு, என்ன சிக்கல், எப்படித் தீந்துச்சு, எல்லாம் அதுல இருக்கணும். எழுதி முடிச்சு தாளையெல்லாம் மேசைமேல அடுக்குனாங்க. டீச்சர் போர்டு பக்கம் திரும்பி எழுதிக்கிட்டிருந்தாங்க. அப்போ டக் டக் டக்... யாருமே சாத்தாத கதவு வழியா ஒரு ஆடு! நேரா போய் மேலாப்புல இருந்த செவ்வந்தியோட தாளை கறுக் முறுக், கறுக் முறுக்.

"டீச்சர்! கோட் ஈட்டிங் ஸ்டோரி!"ன்னா செவ்வந்தி.

"டீச்சர்! கோட் ஈட்டிங் ஸ்டோரி!"ன்னு கிளாசே கத்துச்சு.

டீச்சர் திரும்பாமலே, "வெரி குட், ஒன்ஸ் மோர்"னாங்க!

செவ்வந்திக்கு வந்துச்சே ஒரு கோபம்! ஓடிப்போய் கொம்பைப் பிடிச்சா. "மே..."ன்னு ஆடு திமிறிக்கிட்டு தாளோட ஓடியே போச்சு.

"அய்யய்யோ, உன் கதை போச்சேடி"ன்னாங்க அப்பத்தான் திரும்பிப் பாத்த டீச்சர்.

"போகட்டும் டீச்சர், வேற இருக்கு."

மூச்சு வாங்க அங்கேயே நின்னு, தெரிஞ்ச இங்கிலீஷ்ல ஆரம்பிச்சா. யாரு? ஒரு ஆடு. என்ன சிக்கல்? அதுக்குப் பசி. கூடச் சொல்ல கிளாஸ் வாயைத் திறந்துச்சு, ஆனா முடியல. அடுத்த வரி அவளுக்கு மட்டும்தானே தெரியும்! எல்லாரும் கம்முனு கேட்டாங்க.

அப்புறம் சனிக்கிழமை யாரு கதை சொன்னாங்கன்னு நினைக்கிற? செவ்வந்திதான்! பரணி முன்வரிசையில உக்காந்துக்கிட்டு, எல்லாருக்கும் முந்தி "ம்... ம்..."னான்.

ம்? என்ன, சத்தத்தையே காணோம்? சரி, கதை ஆட்டு வயித்துக்குள்ள படுத்தாச்சு, ஆடும் படுத்தாச்சு. நீயும் தூங்கு கண்ணு.