கைபடாத கலவை

அடுத்தவர் நன்றாயிருந்தால் சிலருக்குச் சோறு இறங்காது. வீரபாகு மேஸ்திரி அந்த ரகம்.

அவரிடம் சித்தாளாக இருந்த செவந்தி, பழைய தார் டிரம்முக்குள் தகடுகளைச் சாய்வாகப் பற்றவைத்து, கைப்பிடி மாட்டி, கலவை மிஷின் ஒன்று செய்துவிட்டாள். வீட்டுச் சொந்தக்காரர் அவளைப் பாராட்டினார். மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை.

"பெரிய மிஷினு! கைப்பிடியில உன் கை படாம கலக்கு பாப்போம். இல்லன்னா டிரம்மு காயலான் கடைக்கு, நீ வீட்டுக்கு!"

"சரிங்க மேஸ்திரி" என்றாள் செவந்தி. சிமென்ட்டும் மணலும் தண்ணீரும் கொட்டி மூடிவிட்டு, சும்மா உட்கார்ந்தாள்.

"என்ன உக்காந்துட்ட?"

"சொரிமுத்து மேஸ்திரிய நெனச்சேன். நேத்து வந்து ஒரே மூச்சுல சுத்திட்டுப் போனாரு. அந்தத் தெம்பு வேற யாருக்கு வரும்!"

தொழிலில் போட்டிக்காரரான சொரிமுத்து பெயரைக் கேட்டாலே வீரபாகுவுக்கு ஆகாது.

"அவன் சுத்துனா நான் சுத்த மாட்டனா?"

வேட்டியை மடித்துக் கட்டிப் பாய்ந்தார். டிரம் கடகடவென்று சுற்றியது. மூச்சிரைக்க அவர் நிறுத்தியபோது கலவை வெண்ணெயாக இருந்தது.

"பாத்தியா?"

"பாத்தேன் மேஸ்திரி. என் கை படவே இல்ல. உங்க வயித்தெரிச்சல்லயே மிஷின் ஓடிருச்சு."