தினமும் ஓடும் கொதிகலன்

தனியார் பல்கலைக்கழக வேந்தர், கெமிக்கல் இன்ஜினியரிங் மாணவி தவமணியை அழைத்தார். "ஆய்வுக்குழு வருது. லேப் கொதிகலன் தினமும் ஓடுதுன்னு சொல்லு. இல்லேன்னா ஹால்டிக்கெட் கிடையாது."

மூன்று வருடமாக அந்த இரும்பில் சூட்டையே கண்டிராதவள் தவமணி. பொய் சொன்ன பிறகும் இந்த மனிதர் ஹால்டிக்கெட்டைக் கொடுப்பாரா என்று அவளுக்குச் சந்தேகம்.

குழு வந்து கொதிகலனை நெருங்கியது. "இப்பத்தான் அணைச்சோம், தொட்டா சுடும்" என்று வேந்தர் மறித்தார்.

"தினமும் ஓடுதாம்மா?" என்று கேட்டார் குழுத்தலைவர்.

"ஓடுதுங்க சார். எவ்வளவு கொதிச்சாலும், அது மேல அடைகாக்கிற புறா மட்டும் எழுந்திரிக்கவே மாட்டேங்குது."

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். தலைவர் கொதிகலனில் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"நீங்க சொல்லச் சொன்னதைச் சொல்லிட்டேன் ஐயா," என்று தவமணி அங்கேயே கை நீட்டினாள். "ஹால்டிக்கெட்டைக் குடுங்க."