ஒன்பது கூழாங்கல்

இருபத்தோராம் நாள் அடைக்கோழியைத் தூக்கிப் பார்த்தால் குஞ்சு ஒன்றுமில்லை. முந்தாநாள்வரை இருந்த முட்டைகளும் இல்லை. ஒன்பது கூழாங்கல்தான் கிடந்தன. ஜமீன்தார் ஆசையாக அடைவைக்கச் சொன்ன சண்டைச்சேவல் சாதி முட்டைகள்!

"கோழிக்காரி பேச்சியம்மாதான் களவாண்டிருப்பா," என்றார் காரியஸ்தர் சிங்காரம், சித்திரை வெயிலிலும் சால்வையை விலக்காமல்.

ஜமீன்தார் சந்தையிலிருந்து ஒன்பது குஞ்சு வரவழைத்தார். அரிவாளை மடியில் வைத்துக்கொண்டார். "இதுகளை அந்தக் கோழி இப்பவே சேர்த்துக்கணும். ஒண்ணு செத்தாலும் உன் கை இருக்காது."

பேச்சியம்மாளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. பட்டப்பகலில் எந்தக் கோழி அயல் குஞ்சைச் சேர்க்கும்? கோழிமேல் கூடையைக் கவிழ்த்து, சாக்கைப் போட்டு இருட்டாக்கினாள். கை நடுங்கினால் கோழி மிரளும். மூச்சைப் பிடித்துக்கொண்டு கூடைக்கடியில் கையை விட்டு ஒரு கல்லை எடுத்தாள், ஒரு குஞ்சை வைத்தாள். ஒன்பதாவது குஞ்சும் உள்ளே போனதும் கோழி கொக்கொக்கென்று குஞ்சுகளைக் கூப்பிட்டது.

"உன்னைக் கொத்தலையே!" என்றார் ஜமீன்தார்.

"தீனி போடுற கையைக் கொத்தாதுங்க, சாமி. வேத்துக் கை உள்ள போனா சதையைப் பிச்சிரும். கல்லை வச்ச கையில தடம் இருக்கும்ங்க."

சிங்காரம் சால்வையை இன்னும் இறுக்கினார்.

"கையை வெளிய எடுய்யா," என்றார் ஜமீன்தார். அரிவாள் இன்னும் அவர் மடியில்தான் இருந்தது.