மணி அடிக்கும் முன்

கடல்முனையில் இருந்த அந்த மடத்திலிருந்து சூரியன் எழுவதையும் பார்க்கலாம், அடைவதையும் பார்க்கலாம். விடியலுக்கு எல்லோரும் இருட்டிலேயே எழுந்து கிழக்குப் பாறையில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். அந்திக்கு அப்படி இல்லை. சூரியன் தண்ணீரைத் தொடப்போகிற நேரத்தில் யாராவது மணி அடிப்பார்கள். பாடத்தில் இருந்தவர்கள் அப்படியே எழுந்து ஓடிவந்து, மேற்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள்.

நல்லபெருமாள் தன் மனைவி பகவதியோடு மடத்துக்கு வந்து சேர்ந்தவர். அவர் பாடம் கேட்டார். அவள் சமையல்கட்டைப் பார்த்துக்கொண்டாள். அன்று காலையில் வைத்தியர் வந்து அவள் நாடியைப் பிடித்துப் பார்த்தார். இனி மருந்து கொடுத்து உடம்பைப் படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மடத்தின் குருவை எல்லோரும் அம்மை என்றே கூப்பிட்டார்கள். நல்லபெருமாளைவிட வயதில் மிகவும் இளையவர். முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவர் முன்னால் போய் நல்லபெருமாள் நின்றார்.

"உதிக்கிறதுக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கிற சூரியன், அடையும்போது மட்டும் ஏன் அம்மை இந்த ஓட்டம் ஓடுது?"

அம்மை நிமிர்ந்து பார்த்தார்.

"பகவதி முந்தாநாள்கூட தண்ணி எடுத்தா. இன்னைக்குப் போகப்போறாங்கறாங்க."

பக்கத்தில் இருந்த சீடர் ஒருவர், தொழுவத்துக்குத் திரும்புகிற மாடும் அப்படித்தானே ஓடும் என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் தலை குனிந்துகொண்டார்.

"சாப்பிட்டதும் மேற்குப் பாறையில போய் உக்காருங்க ஐயா. இன்னைக்குப் பாடம் வேண்டாம்" என்றார் அம்மை.

நல்லபெருமாள் பகவதியிடம் சொல்லிக்கொள்ளப் போனார். அவள் பாயில் கிடந்தபடியே, வெயிலாக இருக்கிறது, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போங்கள் என்றாள்.

பாறை கொதித்தது. சூரியன் உச்சியில் நின்றுகொண்டிருந்தது. நகர்கிறதாகவே தெரியவில்லை. கண் கூசவே பக்கவாட்டில் திரும்பினார். கிணற்றிலிருந்து சமையல்கட்டு வரைக்கும் போகிற சுவர் அங்கே இருந்தது. தினமும் மணிச் சத்தத்துக்கு அதைக் கடந்துதான் ஓடிவருவார்.

சுவரெல்லாம் கைத்தடங்கள். அடுப்புக்கரி படிந்த கை.

எழுந்து கிட்டே போனார். மங்கிப்போன தடங்கள் தோள் உயரத்தில், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருந்தன. கரி இன்னும் மங்காத தடங்கள் இடுப்பளவில், ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு வந்தன. சமையல்கட்டுப் படிக்குப் பக்கத்தில் கை இல்லை, ஒரு தோள் உரசிச் சரிந்த தடம் மட்டும் இருந்தது. எதிலும் சுண்டுவிரல் பதியவில்லை. பகவதிக்குச் சின்ன வயதிலேயே அந்த விரல் மடங்கிப்போனது.

பாறைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். துண்டு மடியில் கிடந்தது. தலையில் போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. அவருடைய நிழல் காலடியிலிருந்து பின்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது.

வெயில் மஞ்சளாகும் நேரத்தில் அம்மை வந்து நின்றார்.

"சூரியன் எப்படிப் போகுது?"

"மெதுவாத்தான்."

"காலையில?"

"அதே நடைதான்."

கீழே அலை வந்து பாறையில் அறைந்துவிட்டுப் போயிற்று.

"இந்தச் சுவருக்கு எப்போ அம்மை சுண்ணாம்பு அடிச்சது?"

"போன தைக்கு. நீங்கதானே ஏணியில நின்னு அடிச்சீங்க."

அதற்குப் பிறகு ஆடியும் கழிந்துவிட்டிருந்தது. நல்லபெருமாள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அது சுத்தமாக இருந்தது.

"இந்த வழியாத்தான் தினமும் வந்தேன்" என்றார். "மணி அடிச்சதும் வந்துருவேன்."

அம்மை சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

மேற்கே சூரியன் தண்ணீருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது. சமையல்கட்டுக்குப் பின்னாலிருந்து பகவதி இருமுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடியும் கேட்டது.

"இனிமே பார்க்க என்ன அம்மை இருக்கு?"

"இன்னும் மணி அடிக்கலை, ஐயா."