பின்பக்கப் பொத்தான்

இந்தக் கதையில் குருவைவிடச் சீடருக்குத்தான் வயது அதிகம். சீடர் வெயிலுமுத்து, தீப்பெட்டி ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். குரு ஜெசிந்தா, கோவில்பட்டியில் ஸ்டுடியோ வைத்திருப்பவள். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

வெயிலுமுத்து கேமரா வாங்கியது ஆசைக்காக அல்ல. பொம்பளைப் பிள்ளைக்கு விளையாட்டு என்ன வேண்டிக்கிடக்கு என்று மகள் அனுசுயாவின் ஹாக்கி மட்டையை ஒருநாள் ஒடித்துப் போட்டார். அன்றைக்கே மகளும் அவள் அம்மாவும் வீட்டை விட்டுப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அனுசுயா அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது அவள் காலேஜ் அணியின் கோல்கீப்பர்.

தனக்கு மட்டும் சோறு பொங்கி, தானே கதவைப் பூட்டித் தானே திறந்து, மனுஷனுக்கு வீடே கசந்துவிட்டது. மகள் ஆடுவதைப் பளிச்சென்று ஒரு படம் எடுத்துக் கொடுத்துவிட்டால் வாய்விட்டு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்பது அவர் போட்ட கணக்கு. ரொம்பக் கெட்டிக்காரர்தான்.

மைதானத்தைச் சுற்றிக் கம்பிவேலி. அவர் எடுத்த படங்களில் எல்லாம் கம்பி தெளிவாக இருந்தது. மகள் புகைமூட்டமாக இருந்தாள்.

ஜெசிந்தா படங்களைப் பார்த்தாள். எதிர்ப்பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கச் சொல்லிவிட்டு, அவர் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினாள்.

"என்ன தெரியுது, அண்ணாச்சி?"

"தொட்டி."

"என் கை?"

"அது குறுக்க வந்துச்சு. நான் தொட்டியத்தான பாத்துக்கிட்டிருந்தேன்."

"கேமராவுக்கு அந்தப் புத்தி கிடையாது. நீங்க ஒவ்வொரு தடவ அமுக்கும்போதும் குறுக்க வந்ததப் பாக்கப் போயிரும்."

ஃபோகஸ் பிடிக்கும் வேலையைப் படமெடுக்கும் பொத்தானிடமிருந்து பிடுங்கி, பின்பக்கம் கட்டைவிரல் படும் இடத்திலிருந்த பொத்தானுக்குக் கொடுத்தாள். கம்பி இடைவெளியில் மகள் தெளிவாகும்வரை அதை அமுக்க வேண்டும், தெளிந்ததும் விரலை எடுத்துவிட வேண்டும், அப்புறம் குறுக்கே எது வந்தாலும் கேமரா ஏமாறாது என்றாள்.

"ஒரு வேலைக்கு ரெண்டு பொத்தான் எதுக்கு, டீச்சர்?"

"பாக்கிறதும் எடுக்கிறதும் ஒரே வேலையா, அண்ணாச்சி?"

வெயிலுமுத்து அந்தப் பொத்தானை ஒருமுறை தடவிப் பார்த்தார். கேமராவைத் தூக்கிக்கொண்டு போனார்.

அடுத்த மேட்ச் முடிந்த மறுநாள் காலையில், கடை திறக்குமுன்பே வந்து படியில் உட்கார்ந்திருந்தார். முகம் சரியில்லை. ஜெசிந்தா கேமராவை வாங்கிப் படங்களைப் பார்த்தாள்.

முதல் படங்கள் அருமையாக இருந்தன. கோல் கம்பத்தடியில் குனிந்து நிற்கிறாள் அனுசுயா. ஹெல்மெட் கம்பிக்குள்ளே கண்கூடத் தெளிவாகத் தெரிந்தது. கடைசிப் படங்களில் மேட்ச் முடிந்து, அவள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நடந்து வருகிறாள். படத்துக்குப் படம் உருவம் பெரிதாகிக்கொண்டே வந்தது. மங்கிக்கொண்டும் வந்தது.

"உங்களப் பாத்துத்தான் வந்தாளா?"

"ஆமா. வேலி வரைக்கும் வந்தா."

"நீங்க?"

கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை என்றார். அவளை நேருக்கு நேர் பார்க்கப் பயமாக இருந்ததாம். மங்கலாகத் தெரிந்தபோது, கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டதால் அப்படி என்று நினைத்தாராம். படமெடுக்கும் பொத்தானை மட்டும் அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். கேமராவை இறக்கியபோது அவள் முதுகுதான் தெரிந்தது.

"கூப்பிட வேண்டியதுதான?"

 வெயிலுமுத்துவுக்குத் திடீரென்று ஜெசிந்தாமேல் கோபம் வந்துவிட்டது.

"நீங்க சொன்னபடிதான் செஞ்சேன். ஆரம்பத்துல ஒரு தடவ கட்டைவிரல வச்சேன். எடுத்துட்டேன். அதுக்கப்புறம் தொடவே இல்ல." கேமராவைக் கை காட்டினார். "அவ மொகம் ஒண்ணுகூட விழலையே, டீச்சர்."

ஜெசிந்தா கடைசிப் படத்தை அவர் பக்கம் திருப்பினாள். முன்னால் ஒரு பெண்ணின் கலங்கிய உருவம். பின்னால் ஆளில்லாத கோல் கம்பம், அதன் வலை முடிச்சு முடிச்சாகத் தெளிந்து நின்றது.

கேமரா கடைசிவரை அந்த வலையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது என்று விரலால் காட்டினாள்.

"விரல எடுக்கத்தான் சொன்னேன், அண்ணாச்சி. திரும்ப வைக்க வேண்டாம்னு சொல்லலையே."